பார்க்காமல் தட்டக் கூடாது

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கட்டடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். கிரீஸ் வாடையும் சூடும் தாங்கமாட்டாமல் முதலாளிகூட வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்ட ஓர் அறையில்தான் அவன் மூன்று வாரங்களாகத் தன் மனைவிக்குத் துரோகம் செய்துகொண்டிருந்தான்.

துரோகம் என்றதும் கன்னாபின்னாவென்று கற்பனை செய்துவிட வேண்டாம். மதிய இடைவேளையில் டூல்ஸ் பையின் பக்கவாட்டு அறையிலிருந்து ஒரு வெள்ளைக் காகித உறையை எடுப்பான். மருந்துக்கடையில் மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி உறை. மேலே மனைவியின் நறுக்கென்ற கையெழுத்தில் ‘சிறியது – 30 – காலை ஒன்று’ என்று இருக்கும். ஒட்டிய ஓரத்தைக் கத்தி முனையால் பிரித்து, மடியில் விரித்த கைக்குட்டையில் உள்ளே இருக்கும் பாசிமணிகளைக் கொட்டி எண்ணுவான். முப்பது. மறுபடியும் எண்ணுவான். அப்போதும் முப்பது. எல்லாம் சின்ன மணிகள்தானா என்று விரலால் கிளறிப் பார்ப்பான். அதன் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான்.

அந்த உறையை அவன் திறக்கவே கூடாது. தெருமுனைக் குப்பைத் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். ஒப்பந்தம் அதுதான்.

அவன் மனைவி பதினான்கு வருடங்களாக ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். தெருவில் பாதிப்பேர் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் கேஸ் அடுப்பில் ஆரம்பித்தது. மூடினேனா, மூடினேன், சரியாக மூடினேனா? அடுப்பிலிருந்து வாசல் பூட்டுக்கு வந்தது. பூட்டிலிருந்து கடைக்கே போய்விட்டது. ஐந்து கொடுக்க வேண்டிய இடத்தில் ஐம்பது கொடுத்துவிட்டேனோ, குழந்தைக்கு எழுதியதைப் பெரியவருக்குப் போட்டுவிட்டேனோ? எத்தனை முறை பார்த்தாலும் மனசு அடங்காது. ஒருநாள் மதியம் பதினோரு வாடிக்கையாளர்களின் வீட்டுக்குப் போன் செய்து, உறைமேல் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிவிட்டாள். ஒரு பெரியவர் பொறுமையாக மூன்று தடவை படித்துக் காட்டிவிட்டு, “உண்மையச் சொல்லும்மா, நான் பொழச்சுப்பேனா மாட்டேனா?” என்று கேட்டாராம்.

கடை முதலாளி தங்கமான மனுஷி. திட்டவில்லை. “ரெண்டு மாசம் லீவு எடுத்துக்கோ. ஒண்ணாம் தேதி வந்துரு. முடியாதுன்னா அதையும் முன்கூட்டியே சொல்லிரு, நான் வேற ஆளப் பாக்கணும்” என்றாள்.

மனநல டாக்டர் அதற்கு ஓசிடி என்று பேர் சொன்னார். நேரில் உட்கார்ந்து சிகிச்சை பெற வரிசை நீளம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தடிமனான பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். பன்னிரண்டு பாடம். தனக்குத் தானேதான் சிகிச்சை. கூடவே, பயிற்சி பெற்ற ஒரு வழிகாட்டி வாரம் ஒருமுறை, வியாழன் மாலை இருபது நிமிடம், போனில் பேசுவாள். பயப்படும் காரியங்களைச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசைப்படுத்து. ஒவ்வொன்றாக வேண்டுமென்றே செய். செய்தபின் சரிபார்க்காதே. பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுது. அது ஏறும், நிற்கும், நீ ஒன்றும் செய்யாமலே இறங்கும். அது இறங்குவதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். பாடம் மொத்தமும் இவ்வளவுதான்.

அவளுடைய பயிற்சிதான் இந்த மணி உறைகள். சின்ன மணி ஒரு மருந்து, பெரிய மணி இன்னொரு மருந்து. ஒரே முறை எண்ணி, ஒரே முறை எழுதி, ஒட்டி, புருஷன் கையில் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான், போயிற்று.

புத்தகத்தில் ‘வீட்டாருக்கு’ என்று இரண்டு பக்கம் இருந்தது. அதை அவன் அடிக்கோடு போட்டுப் படித்தான். அவள் கேட்கும்போது ‘சரியாத்தான் இருக்கும்’ என்று நீங்கள் சொல்வதும் அவளுக்காக நீங்கள் செய்யும் ஒரு சரிபார்ப்புதான் என்றிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு வாக்கியத்தை இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்: “அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லன்னு முடிவு பண்ணியிருக்கோம்ல.”

முதல் நாள் அவள் கேட்டாள். அவன் சொன்னான். அவள் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. உதடு காய்ந்து, கை விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டு, பரீட்சையில் பேர் எழுத மறந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவன் விரல் தானாக மேசையில் இரண்டு முறை தட்டியது.

லிஃப்ட் வேலையில் ஒருவன் மேலே மோட்டார் அறையிலும் இன்னொருவன் கீழே குழியிலும் நிற்கும்போது சத்தம் போட்டால் கேட்காது. ஸ்பானரால் கம்பியில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால், பார்த்துவிட்டேன், எல்லாம் சரி. கல்யாணமான புதிதில் இதை அவன் அவளுக்குச் சொல்லப்போக, அது வீட்டுக்கும் வந்துவிட்டது. காய்ச்சலில் படுத்திருப்பவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிலில் இரண்டு தட்டு. முடி வெட்டிக்கொண்டு வந்து அவள் கண்ணாடி முன் நின்றால் கதவில் இரண்டு தட்டு. பதினாறு வருடப் பழக்கம். புத்தகம் வாயால் சொல்லக் கூடாது என்றது. விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

அவள் முகம் தெளிந்தது. நோட்டில் எண்பதுக்குக் கீழே இருபது என்று எழுதினாள். அந்தத் தட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு கணக்கில் சேரும். ஆனால் அவனுக்குத் தொழில் சுத்தம். பார்க்காமல் தட்டக் கூடாது என்பது முதல் நாள் படித்த பாடம். மேலே இருப்பவன் சும்மா தட்டினால் கீழே இருப்பவன் உயிர் போகும். மறுநாள் அவள் உறையைக் கொடுத்ததும் அவன் யோசித்தான்: சாயங்காலம் கேட்பாள். நான் தட்டுவேன். எதை நம்பித் தட்டுவது? அப்படித்தான் கைக்குட்டையை விரிக்கும் பழக்கம் வந்தது.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, கைக்குட்டையில் முப்பது மணிகள் விழுந்தன. இருபத்தொன்பது சின்னது. ஒன்று பெரியது.

அவன் வெகுநேரம் அதைப் பார்த்தபடி இருந்தான். அவள் இரண்டு வருடமாகக் கனவில் கண்டு அலறிய தப்பு, கடலை அளவுக்கு, வெள்ளையாக, அவன் மடியில் கிடந்தது. அன்று சாப்பாட்டு டப்பாவை அவன் திறக்கவில்லை. சாயங்காலம் அவள் கேட்டாள், “என்னங்க, இன்னிக்கு உறை... சரியா போட்டிருப்பேன்ல?” அவன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். பிறகு மேசையில் இரண்டு தட்டினான். தொழிலிலும் சரி, வீட்டிலும் சரி, வாழ்நாளில் அவன் தட்டிய முதல் பொய்த் தட்டு அது.

அவள் சிரித்துவிட்டு எழுந்து போனாள். அவனுக்குத்தான் உட்கார்ந்த இடம் சுட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்தாள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா, “பின்கதவு சாத்தினேனா?” என்றாள். அவன் வாக்கியத்தைச் சொன்னான். விரல் தன் வேலையைச் செய்தது. சற்றுப் பொறுத்து, “அயர்ன் பாக்ஸ்?” என்றாள். வாக்கியம். தட்டு.

அக்கா தண்ணீர் எடுக்க எழுந்ததும் மச்சினி முழங்கையால் இடித்தாள். “மாமா, அதென்ன அக்கா வாயத் திறந்தா நீங்க தாளம் போடுறீங்க?”

“தாளமா? எங்க?”

“நடிக்காதீங்க. நான் உப்பு கேட்டப்ப வராத தாளம், அவ கதவக் கேட்டா மட்டும் வருது.”

“அது... சும்மா பழக்கம்.”

“சும்மாவா? நீங்க தட்டுனதும் அவ சோத்துல கை வெக்கிறா. தட்டுற வரைக்கும் உங்க விரலையே பாத்துட்டிருக்கா.” அவள் சிரிப்பு நின்றது. “மாமா, போன்ல பேசுற அந்தம்மாவுக்கு இது தெரியுமா?”

அவன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தான். ஏற்கெனவே பிசைந்த சோறுதான்.

“நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. எனக்கெதுக்கு புருஷன் பொண்டாட்டி விவகாரம்” என்றாள் மச்சினி. “ஆனா அவ நேத்து போன்ல அழுதா. ‘நாலு வாரமாச்சு, ஒரு படிகூட ஏறல, எனக்கெல்லாம் இது சரிவராது’ன்னு. அதையும் காதுல போட்டு வெச்சுக்கோங்க.”

*

வியாழன் மாலை போன் வந்தபோது அவன் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் வழிகாட்டியின் குரல் கேட்டது. அதட்டலும் கிடையாது, குழைவும் கிடையாது. மனைவி நோட்டைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“ஒரு விஷயம் எனக்குப் புரியல” என்றாள் வழிகாட்டி. “அஞ்சு நிமிஷத்துல எண்பதுலேர்ந்து இருபதுக்கு வருது. அவ்ளோ வேகமா பொதுவா இறங்காது. அப்படி இறங்கினா மறுநாள் கொஞ்சமாவது குறைஞ்சு ஆரம்பிக்கணும். உங்களுக்கு தினமும் அதே எண்பது. ஏதாவது ஒண்ணு உங்களுக்கு ஆறுதல் குடுக்குதா? மனசுக்குள்ளயே திருப்பிப் பாக்கறீங்களா? வீட்ல யாராவது பதில் சொல்றாங்களா?”

கத்தி பலகையில் நின்றது.

“இல்ல மேடம். அவரு அந்த வாக்கியத்த அச்சுப் பிசகாம சொல்றாரு” என்றாள் அவள்.

“சரி. அப்ப இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். இல்லன்னா, நேர்ல ஒருத்தர் பாக்கற மாதிரி சிகிச்சைக்கு எழுதி அனுப்பறேன். அது உங்க தோல்வி இல்ல. இந்த முறை சிலருக்குப் பத்தாது, அவ்வளவுதான்.”

அவள் ‘சரி’ என்று சொன்னதை அவன் கேட்டான். கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி இருந்தது. ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை அவன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அவள் மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ‘மதிப்பிற்குரிய அம்மாவுக்கு’ என்று ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் கசக்கிய தாள்கள் நான்கு.

“என்னது?”

“கடைக்கு. வரலன்னு சொல்லிடறேன். அவங்களும் ஆள் பாக்கணும்ல.” அவள் நிமிரவில்லை. “புத்தகத்துல எல்லாருக்கும் குறையுதாம். எனக்குத்தான் குறையல. என்கிட்டதான் ஏதோ கோளாறு.”

அவன் டூல்ஸ் பையைக் கீழே வைத்தான். அதன் பிறகு அவள் எதிரே உட்கார்ந்தான்.

“உன்கிட்ட கோளாறு இல்ல. என்கிட்ட.”

“ஆரம்பிச்சுட்டீங்களா? ஆறுதல் சொல்லக் கூடாது.”

“ஆறுதல் இல்ல, கேளு. முதல் நாள் தவிர, நீ குடுத்த எந்த உறையையும் நான் பிரிக்காம குப்பையில போடல. எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தேன். எண்ணிப் பாத்துட்டுத்தான் சாயங்காலம் தட்டுனேன்.”

பேனா தாளின் மேலேயே நின்றது. மை ஊறிப் பொட்டாகப் பரவியது.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“நீங்க சும்மா என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு தட்டுறீங்கன்னு நெனச்சேன்” என்றாள் மெதுவாக. “எண்ணிட்டாத் தட்டுனீங்க?” அவள் கண்ணில் முதலில் வந்தது கோபம் இல்லை, அதுதான் அவனை இன்னும் குத்தியது. நிம்மதி. பிறகு அந்த நிம்மதியே பயமாக மாறுவதை அவன் பார்த்தான். “அப்ப எல்லாம் சரியா இருந்துச்சு. இருந்துச்சுல்ல?”

இங்கே இரண்டு தட்டு தட்டினால் போதும். விரல் துடித்தது. அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான்.

“ஒண்ணுல தப்பு இருந்துச்சு. ஒரு பெரிய மணி கலந்திருந்துச்சு. அன்னிக்கும் நான் சரின்னு தட்டுனேன்.”

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். சுவரோரம் போய் நின்றாள். “என்னிக்கு?”

“சொல்ல மாட்டேன்.”

“எந்த உறைன்னு சொல்லுங்க! நான் அன்னிக்கு என்ன பண்ணேன்னு யோசிச்சுப் பாக்கணும். தூக்கம் இல்லாம இருந்தேனா, யாராச்சும் கூப்பிட்டாங்களா...”

“தெரியும். அதனாலதான் சொல்ல மாட்டேன்.”

“படுபாவி மனுஷா!” பதினாறு வருடத்தில் அவள் அவனைத் திட்டிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். அன்று எண்ணிக்கை எகிறியது. “கடையில பண்ணா உயிர் போற தப்ப நான் வீட்ல உக்காந்து பண்ணியிருக்கேன். அத நீங்க மூடி மறைச்சு, நான் சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போறதப் பாத்துட்டு இருந்திருக்கீங்க.”

“ஆமா.”

“ஆமான்னு வேற சொல்றீங்க!”

அவள் நடந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு ஏதோ நினைத்தவளாக நோட்டை இழுத்து, கடிகாரத்தைப் பார்த்து, நூறு என்று எழுதினாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் நூறு. அதற்கடுத்தும் நூறு. அவன் வேலைக்குப் போன் செய்து வயிறு சரியில்லை என்றான். அது முழுப்பொய்யும் இல்லை.

“கோவமா இருக்கியா?” என்று கேட்டான்.

அவள் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தாள்.

“என்னை மன்னிச்சிருவல்ல?”

நோட்டில் தொண்ணூற்றைந்து விழுந்தது.

“ஒண்ணும் ஆகலல்ல நமக்குள்ள? சொல்லேன்.”

அவள் தலையைத் தூக்கி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். “இப்ப நீங்க என்ன பண்றீங்கன்னு தெரியுதா? நான் ரெண்டு வருஷமா பண்றது இதேதான். சும்மா உக்காருங்க.”

அவன் சும்மா உட்கார்ந்தான். அது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புத்தகத்தில் அச்சடித்துத்தான் இருந்தது. அவனேதான் அடிக்கோடு போட்டிருந்தான். அவள் தினமும் இப்படித்தான் உட்கார முயன்றாள், நடுவில் புகுந்து நான்தான் கெடுத்தேன் என்று நினைத்தான். ஆறுதல் சொன்னேன் என்று அவன் பெருமைப்பட்ட ஒவ்வொரு சாயங்காலமும் இப்போது வரிசையாக வந்து எதிரில் நின்றது. அவள் தெளிந்த முகத்தைப் பார்ப்பது யாருக்கு ஆறுதலாக இருந்தது? அந்தக் கேள்வியை அவன் அதற்குமேல் நோண்டவில்லை.

எதிர் வீட்டில் யாரோ துணி உதறிக் காயப்போட்டார்கள். தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது. ஐம்பது நிமிடம் கழித்து அவள் எழுபது என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்த எண்ணையே சந்தேகமாகப் பார்த்தாள். இன்னும் கால் மணி நேரம் கழித்து ஐம்பத்தைந்து. பன்னிரண்டு மணி ஆகும்போது நாற்பது.

“நீங்க ஒண்ணுமே பண்ணல” என்றாள்.

“இல்ல.”

“நானும் ஒண்ணும் பண்ணல. தப்பு அப்படியேதான் இருக்கு. ஆனா குறையுது.” குரலில் சந்தோஷம் இல்லை, ஆச்சரியம்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “மேடம் கேட்டப்ப நானும்தான் மறைச்சேன். நீங்க தட்டுறீங்கன்னு சொன்னா நிறுத்தச் சொல்லிருவாங்கன்னு பயந்தேன்” என்றாள்.

பாதிப் பழியை அவள் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. ‘உன் தப்பு ஒண்ணுமில்ல’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவளுடைய பாதி அவளுக்கு இருக்கட்டும்.

கடிதத்தை அவள் கிழிக்கவில்லை. மடித்து, புத்தகத்தின் பின்னட்டைக்குள் வைத்தாள். “இன்னிக்கு அனுப்பல. அவ்வளவுதான்” என்றாள். அன்று முழுக்க அதற்குமேல் அவனிடம் பேசவில்லை. மறுநாளும் தேவைக்குத்தான் பேசினாள்.

*

அடுத்த வியாழன் அவள் வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு போனை அவனிடம் நீட்டினாள்.

“மேடம், தப்பு என்னோடது. அவளோட உழைப்பெல்லாம் நான்...”

“தட்டுனீங்க, எண்ணுனீங்க. அன்பாலதான் செஞ்சீங்க, அது எனக்குப் புரியுது. நிறைய வீட்ல நடக்கறதுதான்” என்றாள் வழிகாட்டி. “இப்ப நிறுத்துவீங்களா?”

“நிறுத்திட்டேன்.”

“சரி, அப்ப வேலைக்குப் போவோம். நாலாவது பாடத்துலேர்ந்து மறுபடி.”

அவ்வளவுதானா? நாலு வசவு விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு கொஞ்சம் பாரம் இறக்கியிருப்பான். அவள் அதற்கு இடமே தரவில்லை. அடுத்த பயிற்சியை வழிகாட்டி சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்: வேண்டுமென்றே ஒரு பெரிய மணியைச் சேர்த்து உறையை ஒட்டி அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலை அவள் அதைச் செய்து அவனிடம் கொடுத்தாள். “உள்ள தப்பு இருக்கு” என்றாள். “தெரியும்” என்றான். தெருமுனையில் குப்பைத் தொட்டியின் முன்னால் அவன் நின்றான். ஒரே ஒரு பெரிய மணிதானா, இரண்டா? எண்ணிக்கை சரியா? விரல் நகம் தானாக உறையின் ஓரத்துக்குப் போயிருந்தது. பின்னால் வந்த ஒரு அம்மாள், “தொட்டிக்கு வேண்டுதலா? போடுங்க, எனக்கு நேரமாகுது” என்றாள். அவன் போட்டான். பேருந்தில் ஏறி மூன்று நிறுத்தம் போன பிறகும் அந்த உறை மனசுக்குள் பிரியாமல் கிடந்தது.

எண்பதில் ஆரம்பித்த எண்கள் எழுபத்தைந்துக்கு வந்தன. பிறகு அறுபத்தைந்து. ஒரு நாள் திரும்ப எண்பதுக்கே போய் அவளை அழ வைத்தது. மறுநாள் அறுபது. ஒன்றாம் தேதி அவள் முதலாளிக்குப் போன் செய்து, தினமும் அரை நாள் வரட்டுமா என்று கேட்டாள். “அரை நாளாவது வந்து தொல. உன் இடத்துல வந்தவ என்னையே கேள்வி கேக்கறா” என்றாளாம் முதலாளி.

அன்றே அவள் கடைக்குப் போனாள். அவன் மூன்று கட்டடம் பார்த்தான். எட்டுத் தடவை போனை எடுத்தான். எட்டுத் தடவையும் உள்ளே வைத்தான். எப்படிப் போகிறது என்று கேட்க ஆசை. கேட்டால் அவளிடம் ஒரு நல்ல பதிலை வாங்கித் தன் குற்ற உணர்ச்சியைத் துடைத்துக்கொள்வதற்குத்தான் என்று அவனுக்கே தெரிந்தது. அவள் அந்த இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு சகஜமாகத்தான் பேசினாள், சிரித்தாள், சண்டை போட்டாள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவே இல்லை. அவனும் அதற்கப்புறம் கேட்கவில்லை.

அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் வந்து முகம் கழுவிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் நின்று அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

“ஒருத்தருக்கு போன் பண்ணிட்டேன்” என்றாள்.

அவன் கை நின்றது.

“நாற்பது பேருக்கு மருந்து குடுத்தேன். முப்பத்தொன்பது பேர விட்டுட்டேன். ஒருத்தர் மட்டும் முடியல. போன் பண்ணி உறையப் படிக்கச் சொன்னேன்.”

‘நாற்பதுல ஒண்ணா? பிரமாதம்!’ என்று சொல்லலாம். ‘பரவாயில்ல’ என்று சொல்லலாம். இரண்டுமே நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

“நோட்ல எழுதிட்டியா?” என்றான்.

“எழுதிட்டேன். வியாழக்கிழமை மேடத்துக்குச் சொல்லணும்.” அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா வேறு ஏதாவதா என்று அவன் ஆராயவில்லை. “நாளைக்கும் அரை நாள். எட்டரைக்குக் கெளம்பணும்.”

“சரி” என்று சொல்லிவிட்டு, மீதி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.